சோழர் கட்டுரைக்கு எது சான்று? விக்கிப்பீடியாவில் எழுதுவோருக்குக் கேள்வி பதில்

கேள்வி: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனை ரவிதாசன் கொன்றான் என்று எழுதி, ‘பொன்னியின் செல்வ’னை மேற்கோளாகக் கொடுத்தேன். நீக்கிவிட்டார்கள். ஏன் ஐயா?

நாவல் சான்றாகாது, அவ்வளவுதான். ஆனால் ரவிதாசன் கல்கியின் கற்பனை இல்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. கூடவே சோமன், பரமேசுவரன். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்றே கல் சொல்கிறது. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: அது கொலை வழக்கின் தீர்ப்பு இல்லை, துரோகிகள், உறவினர்கள் இவர்களின் சொத்து பற்றிய ஆவணம். ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்று ஒரு சொல் கிடையாது. கல் நிற்கும் இடத்தில் உங்கள் வாக்கியமும் நிற்க வேண்டும்.

கேள்வி: அப்போ, பிறகு அரசனான உத்தம சோழன்தான் கொலைக்குக் காரணம் என்பது?

வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அவர்மேல் சந்தேகப்பட்டார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவர் கருத்தையும் பெயர் சொல்லி எழுதுங்கள். “உத்தம சோழன் கொல்வித்தான்” என்று நீங்களாக முடித்துவைத்தால் நானே நீக்குவேன்.

கேள்வி: அண்ணா, கல்வெட்டை நானே படித்து எழுதலாமா?

அச்சில் வந்த கல்வெட்டு வாசகத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லலாம். ‘ஆகவே’ என்று தொடங்கும் வரி வருகிறதா? அது உங்கள் ஊகம்; அங்கே ஓர் ஆய்வாளரின் மேற்கோள் தேவை.

கேள்வி: மெய்க்கீர்த்தி வெறும் புகழ்ச்சிதானே, அதை ஏன் நம்பணும்?

கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் பெருமையைப் பாடும் பகுதி அது, புகழ்ச்சிதான். ஆனாலும் ஆட்சியாண்டு ஏற ஏற வெற்றிப் பட்டியல் நீள்வதால், எந்தப் போர் எதற்குப் பின் என்று ஓரளவு பிடித்துவிடலாம். எதிராளி சொன்னதையும் பக்கத்தில் வையுங்கள். சாளுக்கிய அரசன் சத்தியாசிரயனின் ஹொட்டூர்க் கல்வெட்டு (1007), சோழப் படை 9 லட்சம் பேரோடு வந்து நாட்டைச் சூறையாடியது என்று புலம்புகிறது. சூறையாடலைச் சாளுக்கியர் தரப்புக் கூற்று என்று எழுதலாம். 9 லட்சத்தை? அதைப் படைக்கணக்காக எடுத்துக் கட்டுரையின் தகவல் பெட்டியில் போடாதீர்கள், எதிராளியும் பெருக்கித்தான் சொல்வான்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் நிழல் தரையில் விழாது என்று 10 இணையதளங்களில் இருக்கிறதே?

சாயங்காலம் போய்ப் பாருங்கள் தம்பி, விழும். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தால் 10ம் ஒன்றுதான்.

கேள்வி: 90 மேற்கோள் இருந்தால் தரமான கட்டுரைதானே?

எண்ணாதீர்கள், ஏதாவது மூன்றைத் திறந்து பாருங்கள். போன மாதம் ஒரு கட்டுரையில் ஒரே நூல் 14 இடத்தில் இருந்தது, பக்க எண் ஒன்றில்கூட இல்லை. நூலை எடுத்து உட்கார்ந்தேன். ஐந்தாவது மேற்கோளிலேயே நூலில் இல்லாத போர் ஒன்று வந்துவிட்டது. மீதியை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.