வாங்குமுன் கேளுங்கள்: மினுங்கும் அட்டை வெல்லுமா?

பள்ளி விடுமுறை வந்தால் விளையாட்டு அட்டைகளைப் பற்றிய கடிதங்கள் குவிந்துவிடுகின்றன. இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 15 வயது. வீட்டில் நண்பர்களுடன் போக்கிமோன் அட்டை ஆடுகிறேன். சேர்த்துவைத்த காசு 15,000 ரூபா இருக்கிறது. கடையில் சாதாரண சாரிசார்ட் ஈஎக்ஸ் ஒன்றும், இரண்டு பொன் நட்சத்திரம் போட்ட அதே சாரிசார்ட் ஈஎக்ஸ் ஒன்றும் இருக்கின்றன. இரண்டாவது பல மடங்கு விலை. அதுதான் பலமானது என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது? (வெள்ளவத்தை)

பதில்: சாதாரணமானதை வாங்கு, தம்பி. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தை மட்டும் வாசித்துப் பார். இரண்டிலும் உயிர்ப்புள்ளி 330. இரண்டிலும் தாக்குதல் 180, எதிராளி எடுத்த ஒவ்வொரு பரிசு அட்டைக்கும் (தொடக்கத்தில் கட்டிலிருந்து கவிழ்த்து வைக்கும் ஆறு அட்டைகள், எதிராளியின் போக்கிமோனை வீழ்த்தும்போது எடுப்பது, ஆறும் எடுத்தால் வெற்றி) 30 கூடும். ஒரு சொல்கூட மாறவில்லை. மாறியது படம் மட்டும்தான்.

கடைக்காரர் உனக்குச் சொன்னது பொய். எத்தனையோ பிள்ளைகளிடம் இதே பொய் சொல்லப்படுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனம் கசந்துவிட்டது. அட்டையின் ஓரத்தில் இருக்கும் வட்டம், சாய்சதுரம், நட்சத்திரம் எல்லாம், அச்சிடுபவர் அந்த அட்டையைப் பக்கற்றுகளுக்குள் எவ்வளவு அரிதாகப் போடுகிறார் என்பதைக் காட்டும் குறிகள். அரிதானது என்பது வேறு, வெல்லக்கூடியது என்பது வேறு.

ஒரே பெயரில் வந்த இரண்டு அட்டைகளை எடுத்துக்கொள். 1999இல் வந்த முதல் ஆங்கிலத் தொகுதியிலும் ஒரு சாரிசார்ட் இருக்கிறது. அதன் நல்ல பிரதிகள் ஏலத்தில் இலட்சக்கணக்கான டொலருக்குப் போயிருக்கின்றன. ஆனால் அது தாக்க, தாக்கும் சக்தி தரும் ‘எனர்ஜி’ அட்டைகள் நான்கு வேண்டும். உன் முறை வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு எனர்ஜிதான் வைக்கலாம். 100 சேதம் கொடுத்ததும் அதில் இரண்டைக் கழிக்க வேண்டும். அதற்கும் முன்னால் சார்மாண்டர், சார்மீலியன் என்று இரண்டு படி ஏறிவர வேண்டும். அந்தக் காலப் போட்டிகளில் ஆட்டத்தைப் பிடித்தவை ஹிட்மன்சான் போன்றவை. வளரத் தேவையில்லை, ஒரே ஒரு எனர்ஜியில் 20 சேதம். கூடவே இரண்டு அட்டை எடுக்கவைக்கும் ‘பில்’ என்ற அட்டை. அதன் ஓரத்தில் இருப்பது வெறும் வட்டம்.

நீ பார்த்த ஈஎக்ஸ் ஏன் நல்லது? அதுவும் இரண்டு படி ஏறி வரும் அட்டைதான். ஆனால் வளர்ந்து மேசைக்கு வந்த உடனேயே கட்டிலிருந்து மூன்று நெருப்பு எனர்ஜிவரை தேடி எடுத்து வைக்கலாம். தாக்க இரண்டு போதும். 330 என்ற பெரிய எண்ணை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பார். அந்த வரிக்குத்தான் விலை கொடுக்க வேண்டும்.

என் அக்காவின் மகனுக்கு நானும் இப்படி ஒரு மினுங்கும் அட்டையை 9,000 ரூபா கொடுத்து வாங்கிக் கொடுத்தேன். ‘இது ஒன்று இருந்தால் போதும்’ என்றார் விற்றவர். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஆட்டம் தொடங்கியது. அந்த அட்டை முதலிலேயே அவன் கைக்கு வந்தது. அது வளர்ந்து வர வேண்டிய சின்னப் போக்கிமோன் கட்டின் அடியில் கிடந்தது. ஏழு முறை அவனுடைய முறை வந்தது, ஏழு முறையும் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கையிலேயே செருகிக்கொண்டான். கடைசியில் அந்த அட்டையின் பிளாஸ்டிக் உறை முழுக்க வியர்த்த விரல்களின் தடம். எதிரே இருந்த சிறுமி சாதாரண அட்டைகளை வைத்தே ஆறு பரிசையும் எடுத்துவிட்டாள். விற்றவருடைய அந்தச் சொல்லை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

கட்டில் 60 அட்டைகள், தொடக்கத்தில் கையில் 7. ஒரே ஒரு பிரதி வைத்திருந்தால் அது முதல் கையில் வர ஏறக்குறைய 12 வீத வாய்ப்பு. நான்கு வைத்திருந்தால் ஏறக்குறைய 40 வீதம். பத்து ஆட்டத்துக்கு ஒருமுறை அந்த ஒற்றைப் பிரதி பரிசு அட்டைகளுக்குள் போய் மறைந்துகொள்ளும். எனவே மிச்சக் காசில் தேடித் தரும் அட்டைகளை நான்கு நான்காக வாங்கு. ‘அல்ட்ரா போல்’ என்ற அட்டை கையிலிருந்து இரண்டு அட்டைகளைக் கழிக்கச் சொல்லும், ஆனால் கேட்ட போக்கிமோனைக் கொண்டுவந்து தரும். பொன் நட்சத்திரப் படம் உனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் அதற்கென்று பிறகு சேர். படத்துக்காக வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்கு.

கேள்வி: நல்ல கட்டு ஒன்று அமைக்க 36 பக்கற் கொண்ட முழுப் பெட்டி வாங்கலாமா? (தெஹிவளை)

பதில்: வேண்டாம். தேவையான அட்டைகளைத் தனித்தனியாக வாங்குங்கள்.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்குப் புறக்கோட்டையில் 55 பொன்னிறப் போக்கிமோன் அட்டைகள் கொண்ட பெட்டியை 2,500 ரூபாவுக்கு வாங்கினேன். எல்லாம் போலி என்று மற்றப் பிள்ளைகள் சொல்ல, அழுதுகொண்டு வந்தான். எனக்கு இந்த அட்டைகள் பற்றி எதுவும் தெரியாது. (கொட்டாஞ்சேனை)

பதில்: அம்மா, உங்கள் மீது ஒரு பிழையும் இல்லை. ஒரு தாய் கடைக்குப் போய்ப் பெட்டியில் போட்டிருக்கும் பெயரை நம்பித்தான் வாங்குவாள். பிழை அதை விற்றவருடையது.

பிள்ளைகள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஒரு பெட்டி முழுக்கப் பொன்னிற அட்டை அசலில் வருவதில்லை. அசல் பக்கற்றைப் பிரித்தால் பெரும்பாலும் சாதாரண அட்டைகள்தான் இருக்கும். இரவில் கைப்பேசியின் வெளிச்சத்தை அட்டைக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். அசல் தாளின் நடுவில் கறுப்புப் படலம் இருப்பதால் வெளிச்சம் அதிகம் ஊடுருவாது. போலி பளிச்சென்று ஒளிரும். எழுத்துப் பிழை, ஆயிரத்தைத் தாண்டிய உயிர்ப்புள்ளி, பின்பக்க நீலத்தின் வெளிறல் ஆகியவையும் காட்டிக்கொடுக்கும்.

பெட்டியை எறிந்துவிடாதீர்கள், படம் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டுடன் முதலில் கடைக்குப் போய்க் காசைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். பாவனையாளரை ஏமாற்றும் விதமாக வியாபாரி நடப்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியதும் அதே சட்டப்படி அவர் கடமை. 2,500 ரூபாவுக்காக அலைவதா என்று நினைக்காதீர்கள். நீங்கள் எழுதாவிட்டால் அடுத்த பெட்டியும் இன்னொரு பிள்ளையின் பிறந்தநாளுக்குத்தான் போகும்.

கேள்வி: லூகியா விஸ்டார் என்ற போக்கிமோன் அட்டை வெளிவந்த காலத்தில் பெரிய போட்டிகளை வென்றதாகக் கேள்விப்பட்டு நான்கு வாங்கினேன். இப்போது ஸ்டாண்டர்ட் (அண்மைக்கால அட்டைகளை மட்டும் ஏற்கும்) போட்டியில் ஏற்க மறுக்கிறார்கள். அட்டை மோசமானதா? (பம்பலப்பிட்டி)

பதில்: அட்டை நல்லது. நீங்கள் அதைப் பார்க்காமல் வாங்கியிருக்கிறீர்கள். கீழே இடது மூலையில் ஒரு சின்ன எழுத்து இருக்கிறதே, அதுதான் அந்த அட்டையின் ஆயுள். உங்களுடையதில் இருப்பது ‘எஃப்’. அந்த எழுத்துள்ளவை 2025 ஏப்ரலில் ஸ்டாண்டர்டிலிருந்து வெளியேறிவிட்டன. இதே கேள்விக்கு இந்தப் பகுதியில் மூன்றாவது முறையாகப் பதில் எழுதுகிறேன். நான்கு அட்டைக்குக் காசு எண்ணிக் கொடுத்தவருக்கு ஓர் எழுத்தைப் பார்க்க நேரம் இல்லையா?

பழைய அட்டைகள் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: அதே அட்டை நடப்பு எழுத்துடன் மறுபதிப்பாக வந்திருந்தால் பழைய பிரதியையும் ஆடலாம். புதிதாக வாங்கத் தேவையில்லை.

கேள்வி: மஜிக் என்ற இன்னோர் அட்டை ஆட்டத்தில் ஷிவன் டிராகனை விட லைட்னிங் போல்ட் சிறந்தது என்று அண்ணன் பிடிவாதம் பிடிக்கிறார். டிராகன் பறக்கும், வலு ஐந்து. மற்றது வெறும் 3 சேதம். (மட்டக்குளி)

பதில்: அண்ணன் சொல்வது சரி. டிராகனை இறக்க ஆறு மானா, அதாவது நில அட்டைகள் தரும் சக்தி, வேண்டும். ஒரு முறைக்கு ஒரு நிலம் என்ற கணக்கில் ஆறாவது முறைவரை அது கையில் சும்மா இருக்கும். வந்ததும் எதிராளி இரண்டு மானா மந்திரத்தால் அதைக் கொன்றால் உங்கள் ஒரு முறையே வீண். போல்ட்டுக்கு ஒரு மானா. முதல் முறையிலும் உதவும், கடைசி முறையிலும் உதவும்.

ஸ்கல்கிளாம்ப் என்ற அட்டையையும் அண்ணனிடம் கேட்டு வாசியுங்கள். அது உயிரினங்களில் பூட்டும் ஒரு கருவி. பூட்டிய உயிரினத்துக்குத் தாக்கும் வலு ஒன்று கூடும், தாங்கும் வலு ஒன்று குறையும். அந்த உயிரினம் இறந்தால் உங்களுக்கு இரண்டு அட்டை. குறைகிறதே என்று பலர் ஒதுக்குவார்கள். ஆனால் தாங்கும் வலு ஒன்றே உள்ள சின்ன உயிரினத்தில் பூட்டினால் அது அங்கேயே இறந்து, ஒரு மானாவுக்கு இரண்டு அட்டை தந்துவிடும். மிக அரிதான அட்டையும் அல்ல. 2004இல் மஜிக்கின் ஸ்டாண்டர்ட் போட்டிகளில் அதைத் தடைசெய்ய வேண்டி வந்தது.

கேள்வி: பிஎஸ்ஏ என்ற நிறுவனத்தின் தரப்படுத்தலில் 10 வாங்கிய அட்டை போட்டிக்கு நல்லதா? (கொள்ளுப்பிட்டி)

பதில்: அந்தப் பத்து, தாளின் நிலைக்கான மதிப்பெண். பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடிய அட்டையைக் கட்டில் போட்டுக் குலுக்கவும் முடியாது.

கேள்வி: மகன் வெள்ளைத் தாளில் அட்டையின் பெயரை எழுதி, பழைய அட்டையின் மேல் வைத்து ஆடுகிறான். இது ஏமாற்று வேலை இல்லையா? (கிராண்ட்பாஸ்)

பதில்: இல்லை ஐயா, தடுக்காதீர்கள். போட்டியில் ஏற்க மாட்டார்கள். வீட்டில் எதிரே இருப்பவருக்குத் தெரிந்து ஆடினால் யாரையும் ஏமாற்றியதாகாது. பெயரோடு முழு வாசகத்தையும் எழுதச் சொல்லுங்கள். பத்து ஆட்டம் ஆடட்டும். அந்தத் தாள் கைக்கு வந்தபோது எத்தனை முறை உதவியது, எத்தனை முறை வேறு அட்டை வந்திருக்கலாமே என்று நினைத்தான் என்பதை ஒரு கொப்பியில் குறித்துவைக்கட்டும். அட்டை வாங்கப் போகும்போது அந்தக் கொப்பியையும் கடைக்குக் கொண்டுபோங்கள்.