கறுப்புக் கோடு, சிவப்புக் கோடு: எந்த நிலப்பிளவு இன்னும் அசைகிறது?

கேள்வி: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வீடு வாங்கப் பார்க்கிறோம். மாநில நிலப்பிளவு வரைபடத்தில் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பக்கம் சிவப்புக் கோடு, மலைப்பக்கம் கறுப்புக் கோடு. "கறுப்பு செத்துப்போன ஃபால்ட், கவலையே வேண்டாம்" என்கிறார் ஏஜென்ட். டிரைவ்வேயில் ஒரு விரிசலும் இருக்கிறது. ஒரு பிளவு செயல்படுகிறதா, ஓய்ந்ததா என்று எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்?

பதில்: அந்த வரைபடத்தில் நிறம் சொல்வது, பிளவு கடைசியாக எப்போது அசைந்தது என்பதை. சிவப்பு, கடந்த 200 ஆண்டுகளுக்குள். ஆரஞ்சு, 11,700 ஆண்டுகளுக்குள். பச்சை 7 லட்சம், ஊதா 16 லட்சம் ஆண்டுகளுக்குள். கறுப்பு அதைவிடப் பழையது. அல்லது அண்மைக்கால அசைவுக்குச் சான்று கிடைக்காதது. இந்த 'அல்லது'வைத்தான் ஏஜென்ட் விட்டுவிட்டார். கறுப்புக் கோடுகளில் சில, அசைவின் காலத்தைத் தேடாமல், பாறை வகைகளைப் பிரித்துக் காட்டுவதற்காக மேலோட்டமாக வரைந்த பழைய படங்களிலிருந்து வந்தவை. கறுப்பு என்பதாலேயே ஓய்ந்தது என்று கொள்ளக்கூடாது என வரைபடக் குறிப்பே எச்சரிக்கிறது.

11,700 என்ற எண், கடைசிப் பனியுகம் முடிந்த காலம். 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் தரை கிழிந்து வீடுகள் பிளந்த பிறகு, 1972இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டம் வீடுகளுக்கு இந்த எல்லையைத்தான் கடைப்பிடிக்கிறது. அமெரிக்க அணுமின் நிலைய விதியில் எல்லை வேறு: 35,000 ஆண்டுகளுக்குள் ஒரு தடவை, அல்லது 5 லட்சம் ஆண்டுகளுக்குள் பல தடவை அசைந்திருந்தாலே அது கணக்கில் வரும். ஆக, வீட்டுக்கு ஓய்ந்த பிளவு அணு உலைக்கு உயிருள்ளதாக இருக்கலாம். 'செயல்படும்' என்பது பாறையின் குணம் மட்டுமல்ல, எதைக் கட்டப்போகிறோம் என்பதையும் பொறுத்த சொல்.

பிளவுப் பாறை எவ்வளவு பழையது என்பது இதில் உதவாது. பத்துக் கோடி ஆண்டுப் பாறையில் போன நூற்றாண்டில் அசைந்த பிளவு இருக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு: பிளவு அறுத்த அடுக்குகளிலேயே இளையது எது? அதன்மேல் அறுபடாமல் மூடிக்கிடக்கும் அடுக்குகளிலேயே பழையது எது? கடைசி அசைவு இந்த இரண்டுக்கும் நடுவில்.

அதைக் காணத்தான் பிளவுக்குக் குறுக்கே அகழி தோண்டுகிறார்கள். ஆழம் பெரும்பாலும் 3 முதல் 5 மீட்டர். சரியாமலிருக்க முட்டு கொடுப்பார்கள், அல்லது சுவரைப் படிப்படியாக வெட்டுவார்கள். பிறகு சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மீட்டருக்கு ஒரு நூல் கட்டி, ஒவ்வோர் அடுக்கையும் வரைவார்கள். அடுக்கிலுள்ள கரித்துண்டுகளின் வயதை ரேடியோ கார்பன் முறையில் கணிக்கலாம். ஏறக்குறைய 50,000 ஆண்டு வரைதான் அது எட்டும். அதற்கும் பழைய மணலுக்கு, மணல் துகள் கடைசியாக வெயில் பட்ட காலத்தை அளக்கும் ஒளிர்வு முறை உண்டு. மாதிரியை வெளிச்சம் படாமல் உலோகக் குழாயை அடித்து எடுக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் அந்த மாதிரி வீண்.

தவறுகள் பெரும்பாலும் இந்த அகழியில்தான் நடக்கின்றன. மேலே மூடிக்கிடக்கும் மண்ணின் வயதே 2,000 ஆண்டு என்றால், அது அறுபடாமல் இருப்பது அந்த 2,000 ஆண்டுக்கு மட்டுமே சாட்சி. 11,700ஐவிடப் பழைய, முழுதான அடுக்கு கிடைத்தால்தான் 'ஓய்ந்தது' என்று எழுதலாம். கெட்டியான சிவந்த களிமண் அடுக்கு அறுபடாமல் கிடந்தால் நல்ல அறிகுறி. அது உருவாகவே பல்லாயிரம் ஆண்டு பிடிக்கும். இளம் மண்ணே இல்லாமல் பாறை நேரே தரைக்கு வந்துவிட்ட இடத்தில் எத்தனை ஆழம் தோண்டினாலும் விடை வராது. அதற்கு மாநில வழிகாட்டியில் 'வயது தீர்மானிக்கப்படாதது' என்று தனிப் பிரிவே உண்டு. கரித்துண்டு பழைய மரத்திலிருந்து ஆற்றில் அடித்துவரப்பட்டிருந்தால், அடுக்கை உள்ளதைவிடக் கிழடாகக் காட்டும். எலி வளையும் வேரும் இதற்கு நேரெதிர்: மேல்மண்ணைக் கீழே இறக்கி இளமையாகக் காட்டும். பக்கவாட்டில் நகரும் பிளவில் இன்னொரு ஏமாற்று: நிலம் ஒரு மீட்டர் நகர்ந்திருக்கும், ஆனால் அகழிச் சுவரில் அடுக்கு சில சென்டிமீட்டர்தான் ஏறி இறங்கியதாகத் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது.

உங்கள் சிவப்புக் கோடு ஹேவர்ட் பிளவு. அதில் இந்தச் சந்தேகங்களுக்கு இடமில்லை. 1868 அக்டோபர் 21இல் சுமார் 6.8 அளவுள்ள நிலநடுக்கம் அதில் ஏற்பட்டது. ஃப்ரீமான்ட்டிலேயே, பார்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சதுப்புக் குட்டையில் தோண்டியபோது, சுமார் 1,900 ஆண்டுகளில் 12 நிலநடுக்கங்களின் தடம் கிடைத்தது. சராசரி இடைவெளி 150–160 ஆண்டு. 1868இலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள்.

தோண்டாமல் தரையைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். பிளவு நெடுக வரிசையாக ஓடைகள் ஒரே பக்கம் வளைவது, மலையடியில் ஊற்றுகள் ஒரே கோட்டில் கிளம்புவது, குட்டைகள், குறுக்கே நகர்ந்து ஓடையை அடைத்த மேடுகள். ஓர் ஓடை வளைவது சான்றல்ல; பத்து ஓடைகள் ஒரே பக்கம் வளைந்தால் சான்று. மரங்களை நீக்கித் தரையைக் காட்டும் லைடார் படம் இதற்கு மிக நல்லது. செங்குத்தான படி போன்ற சரிவு கண்டால் மட்டும் அவசரப்படாதீர்கள்: மென்பாறை அரிபட்டு வன்பாறை நின்றால், கோடி ஆண்டாக அசையாத பிளவிலும் அப்படியொரு படி உருவாகும்.

நடுக்கம் இல்லாததை ஓய்வு என்று எடுத்துக்கொள்வது இதைவிடப் பெரிய பிழை. கலிஃபோர்னியாவின் பெரிய பிளவான சான் ஆண்ட்ரியாஸில், 1857இலும் 1906இலும் பெரிய நிலநடுக்கத்தில் கிழிந்த பகுதிகளில் இன்று சிறு நடுக்கங்கள்கூட அபூர்வம். பிளவு இறுகிப் பூட்டிக்கிடக்கிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரிச் சமவெளியில் சரளைக்கடியில் மறைந்திருந்த கிரீன்டேல் பிளவு, 2010 செப்டம்பர் 4 வரை எந்தப் படத்திலும் இல்லை. அன்று 7.1 அளவு நிலநடுக்கத்தில் சுமார் 30 கி.மீ. நீளத்துக்குத் தரையைக் கிழித்தது.

இனி டிரைவ்வே விரிசல். ஹேவர்ட் பிளவு நிலநடுக்கம் இல்லாமலும் ஆண்டுக்கு சுமார் 5 மி.மீ. ஊர்கிறது, ஃப்ரீமான்ட்டின் தென்பகுதியில் இன்னும் வேகம். 30 ஆண்டில் 15 செ.மீ. நடைபாதை ஓரக்கல்லை ஒட்டி நீளமாக ஒரு நூல் பிடியுங்கள். விரிசலின் ஒரு பக்கம் நின்று எதிரே பார்த்தால் எதிர்ப்பக்கம் வலப்புறம் விலகியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தாலும் வலப்புறம்தான். அதே கோட்டில் அடுத்த தெருவின் ஓரக்கல், வேலி, சாலை எல்லாம் விலகியிருந்தால் அது பிளவு. கோடையில் வாய் திறந்து மழையில் மூடிக்கொள்ளும், பக்கவாட்டில் விலகாத விரிசல் என்றால், நனைந்து உப்பும் களிமண்ணின் வேலை. பிறைவடிவில் வளைந்து சரிவின் கீழ்ப்பக்கம் இறங்கினால் மண்சரிவு. அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சிமென்ட் எப்போது போட்டது என்றும் பாருங்கள், சில நடைபாதைகளில் ஆண்டு பொறித்திருக்கும். போன வருடம் போட்ட ஓரக்கல் நேராக இருப்பதில் அர்த்தமில்லை.

வாங்கும் முன், மாநில நிலவியல் துறையின் 'ஈக்யூ சாப்' இணைய வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். 1972 சட்டப்படி பிளவைச் சுற்றி மாநிலம் வரைந்திருக்கும் மண்டலத்துக்குள் வீடு வந்தால் விற்பவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். மண்டலம் வேறு, பிளவு வேறு: முக்கியப் பிளவுகளுக்கு இருபுறமும் சுமார் 500 அடி வரை மண்டலம் நீளும், புதுக் கட்டடம் பிளவிலிருந்து வழக்கமாக 50 அடி தள்ளியிருக்க வேண்டும். நான்கு வீடுகளுக்குக் குறைந்த திட்டத்தில், இரண்டு மாடிக்குள் கட்டிய மரச்சட்டத் தனிவீட்டுக்கு மாநிலச் சட்டத்தில் விலக்கு உண்டு. எனவே "சட்டப்படி கட்டியது" என்ற பதிலோடு நிற்காமல், அந்த மனைக்கோ பக்கத்து மனைக்கோ அகழி ஆய்வறிக்கை இருக்கிறதா என்று நகராட்சியில் கேளுங்கள். அறிக்கையில் முதலில் தேட வேண்டியது, அறுபடாத அடுக்கின் வயதும் அகழி மனையின் முழு அகலத்தையும் கடந்ததா என்பதும். பாதி மனையில் தோண்டிவிட்டு 'பிளவு இல்லை' என்று முடித்த அறிக்கைக்கு, மறுபாதியில் ஓடும் கிளையைப் பற்றிப் பேச்சே இல்லை.

கறுப்புக் கோட்டைப் பொறுத்தவரை, அதன்மேலேயே வீடு உட்காராதவரை நான் அதற்காகப் பேரத்தைக் கைவிடமாட்டேன். ஹேவர்ட் பிளவு ஆடும்போது கறுப்புக் கோட்டருகே உள்ள வீடும் அதே ஆட்டம்தான் ஆடும். அடித்தளத்தில் வீட்டைப் பிணைக்கும் போல்ட்டுகள், தரைக்கடியிலுள்ள குட்டைச் சுவருக்குப் பிளைவுட் வலுவூட்டல், வாட்டர் ஹீட்டரைச் சுவரோடு கட்டும் பட்டைகள், செங்கல் புகைபோக்கியின் நிலை: வீட்டைப் பார்வையிடும் ஆய்வாளரிடம் இந்த நான்கையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.