சாசர் யாரையும் திட்டவில்லையே?

வணக்கம் சார்,

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாண்டு படிக்கிறேன். பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ முகவுரை, அதாவது கேன்டர்பரிக்கு யாத்திரை போகிறவர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தும் பகுதி, எங்களுக்குப் பாடம். ஒவ்வொரு பாத்திரமும் ஒரு சமூக வர்க்கத்தின் பிரதிநிதி, மொத்தமும் அங்கதம் (satire) என்று வகுப்பில் சொன்னார்கள். கைடிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் படித்துப் பார்த்தால் சாசர் எல்லோரையும் புகழ்ந்துகொண்டே போகிறார். அங்கதம் எங்கே இருக்கிறது? அப்புறம், சாசரை ஏழைகளின் பக்கம் நின்றவர் என்று சொல்லலாமா? செமினாருக்காகக் கேட்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள மாணவிக்கு,

கைடோடு நிற்காமல் மூலத்தைப் படித்ததால்தான் உங்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. பாவமன்னிப்புச் சீட்டு விற்கிறவன் போன்ற ஓரிருவரை விட்டுவிட்டால், சாசர் யாரையும் திட்டவில்லை என்பது சரிதான்.

மடத்துத் துறவியை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டை என்றால் அவருக்கு உயிர். சட்டைக் கையின் ஓரத்தில் விலையுயர்ந்த சாம்பல்நிற மென்மயிர். நெருப்பில் வாட்டிய கொழுத்த அன்னம் பிடிக்கும். வேட்டையாடுகிறவர்கள் புனிதர்கள் அல்ல என்ற நூல்வாக்குக்கு, இறகு பிடுங்கிய கோழியின் மதிப்பைக்கூட அவர் தரமாட்டார். அவர் தன் கொள்கையைச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த கதைசொல்லி ‘அவர் கருத்து நல்ல கருத்து என்றேன் நான்’ என்கிறான். அதோடு விட்டாலும் பரவாயில்லை. மடத்துக்குள் உட்கார்ந்து புத்தகத்தோடு ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், துறவிகள் உடலால் உழைக்க வேண்டும் என்ற புனித அகஸ்டினே அந்த உழைப்பை வைத்துக்கொள்ளட்டும் என்று துறவிக்காக வாதாடவும் செய்கிறான். அவன் ஆமாம் போடப்போடத் துறவி மாட்டிக்கொள்கிறார்.

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம், மறைத்து வைவது பழிகரப்பு அங்கதம். சாசரின் நண்பர் ஜான் கோவர் முதல் வகை. லத்தீனில் எழுதிய நெடுங்கவிதையில் குருமார், போர்வீரர், உழவர், வணிகர், வக்கீல் என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வைது தீர்த்தார். இப்படிச் சமூகப் பிரிவு பிரிவாகக் குறை சொல்வது அன்று ஐரோப்பாவில் பழகிப்போன மரபு. 1973இல் ஜில் மேன் எழுதிய ஆய்வுநூல் முகவுரையை இந்த மரபுக்குள் வைத்துப் பார்க்கிறது. நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

சாசரைப் பழிகரப்பில் சேர்ப்பதில் ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு. போரில் பயன்படாமல் கிடந்த தொண்டைமானின் ஆயுதங்களைப் பீலி அணிந்தவை, மாலை சூட்டியவை, நெய் பூசியவை என்று ஔவை புகழ்ந்தபோது, தான் என்ன செய்கிறோம் என்பது ஔவைக்குத் தெரியும். சாசரின் கதைசொல்லியோ தெரிந்தவன் மாதிரியே பேசுவதில்லை, வெள்ளந்தியாக வியக்கிறான். அவனையும் சாசர் என்றே அழைப்பது வழக்கம். ஆனால் பேனா பிடித்த சாசர் வேறு ஆள்.

‘வொர்தி’ என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். மேன்மையானவர், மதிப்புக்குரியவர் என்று பொருள். போர்வீரருக்குப் பலமுறை வருகிறது. பதினைந்து போர்களில் நின்றவர், பொருத்தம்தான். அப்புறம் அதே சொல் இரந்து உண்ண வேண்டிய துறவிக்கு வருகிறது. தொழுநோயாளிகளைவிட மதுக்கடைக்காரர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். கடன்பட்டதை வெளியே காட்டிக்கொள்ளாத வணிகருக்கும் வருகிறது. தேவாலய வாசலில் ஐந்து கணவர்களை மணந்த பாத் நகரத்துப் பெண்மணிக்கும் வருகிறது (எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான்). கடைசியில் அந்தச் சொல்லைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது.

வர்க்கம் என்று பார்த்தால், அன்றைய கோட்பாட்டில் இருந்தவை மூன்றே பிரிவுகள்: ஜெபிப்பவர், போரிடுபவர், உழைப்பவர். வக்கீலை எதில் சேர்ப்பது? கொள்ளைநோய்க் காலத்தில் சம்பாதித்த காசைச் செலவழிக்காமல் வைத்திருக்கும் மருத்துவரை? கத்திக்குப் பித்தளைப் பூண் போடாமல் வெள்ளிப் பூண் போட்டுக்கொண்ட ஐந்து கைவினைஞர்களை? அவர்களின் மனைவிமாருக்கு ‘மேடம்’ என்று அழைக்கப்படுவதில் கொள்ளை ஆசை. முகவுரையில் இவர்களுக்கெல்லாம் உயிர் துடிக்கிறது. சாசரும் இந்த இடைப்பட்ட கூட்டம்தானே. மது வணிகரின் மகன். 1374 முதல் பன்னிரண்டு ஆண்டு லண்டன் துறைமுகத்தில் கம்பளி, தோல் சுங்கக் கணக்கைப் பார்த்தவர். வணிகர்களின் பகட்டையும் கணக்கையும் தினமும் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார்.

ஏழைகளின் பக்கம் நின்றாரா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். கொள்ளைநோயில் ஆட்கள் செத்துப்போய்க் கூலி ஏறியபோது, பழைய கூலிதான் என்று 1351இல் சட்டம் போட்டார்கள். 1381இல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்து லண்டனுக்குள் புகுந்தார்கள். எசெக்ஸ் பகுதிக் கூட்டம் நுழைந்த ஆல்ட்கேட் என்ற நகர வாயிலின் மேல்மாடிதான் அப்போது சாசரின் குத்தகை வீடு. முகவுரையில் இதைப் பற்றி மூச்சுக்கூட இல்லை. அதில் வரும் உழவர் ஏழைகளுக்குக் கூலி வாங்காமல் வேலை செய்கிறார், தேவாலயத்துக்குத் தர வேண்டிய தசமபாகத்தை ஒழுங்காகக் கட்டுகிறார். நிலப்பிரபு கனவு காணும் உழவர் இவர்! எனக்கு உயிரே இல்லாத சித்திரமாகப்படுவதும் இதுதான். அவருடைய சகோதரரான பங்குத்தந்தையும் நல்லவர்தான், ஆனால் மழையிலும் இடியிலும் கையில் கோலோடு பங்கின் கடைசி வீடுவரை நடக்கிறார். அந்த நடை நம் கண்ணில் நிற்கிறது.

செமினாரில் வர்க்கம் பற்றி ஒரு பத்தி சொல்லிவிட்டு, சமையல்காரருக்கு வாருங்கள். ‘பாவம், முழங்காலுக்குக் கீழே ஆறாத புண்’ என்று இரங்குகிறான் கதைசொல்லி. கோழியும் அரிசியும் பாதாம் பாலும் சேர்த்துச் செய்யும் வெள்ளைக் குழைவான பதார்த்தத்தை மிகச் சிறந்தவர்களுக்கு இணையாகச் செய்வார் என்று அடுத்த வரியிலேயே புகழ்கிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததைத் தவிர சாசர் வேறெதுவும் செய்யவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய வகுப்பில் மட்டும் இதை வாசிக்காதீர்கள்.