உப்புவெளியில் ஒரு கான்ஸ்டிடியூஷன்

அன்புள்ள தம்பிக்கு,

நான் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருக்கிறேன். போன வருஷம் கனடாவிலிருந்து வந்த மருமகன், "மாமா, சும்மாதானே இருக்கிறீங்கள்" என்று சொல்லி ஒரு பெரிய பெட்டியைத் தந்துவிட்டுப் போனார். உள்ளே கான்ஸ்டிடியூஷன் என்ற அமெரிக்கப் பாய்க்கப்பலின் மரமாதிரிக் கிட். லேசரால் வெட்டிய பிளைவுட், கட்டுக் கட்டாக மெல்லிய பலகைகள், பித்தளைத் துண்டுகள், நூல் உருண்டைகள், சாப்பாட்டு மேசையையே மூடிவிடும் வரைபடங்கள்.

ஏரா என்ற அடிமரத்தையும் குறுக்குச் சட்டங்களையும் பொருத்தி எலும்புக்கூட்டை நிறுத்திவிட்டேன். பலகை ஒட்டத் தொடங்கியதும் சிக்கல். நடுப்பகுதியில் அழகாகப் படிகிற பலகை, முன்பக்கம் வந்ததும் பக்கத்துப் பலகைமேல் ஏறுகிறது. இழுத்துப் பிடித்தால் முறிகிறது. அப்படியே துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன்.

என் மச்சான் ஒருவர் பின்னேரங்களில் வந்து பார்த்துவிட்டு, "வெட்டித் தந்த துண்டை ஒட்டுறதுக்குப் பேர் கப்பல் கட்டுறதோ?" என்று கேட்கிறார். எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு என்பதால் பதில் சொல்ல முடியவில்லை. மனைவியின் கேள்வி வேறு. இவ்வளவு பெரிய துறைமுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கேயோ இருக்கிற சண்டைக் கப்பலை ஏன் கட்டவேண்டும் என்கிறார். நீங்கள் இந்த வேலையில் உள்ளவர் என்பதால் எழுதுகிறேன்.

க., உப்புவெளி

அன்புள்ள மாஸ்டர்,

மச்சானுக்குச் சொல்லவேண்டிய பதில் உங்களுடைய முறிந்த பலகையிலேயே இருக்கிறது. கிட் பெட்டியில் வருவதெல்லாம் தட்டையானவை. லேசர் தட்டையான தகட்டைத்தான் வெட்டும். பலகைகளும் ஒரே அகலத்தில், நேராகச் சீவப்பட்ட குச்சிகள்தான். ஆனால் கப்பலின் உடலில் தட்டையான இடமென்று அநேகமாக எதுவும் இல்லை. அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், உள்வாங்கி, வயிற்றில் புடைத்து, பின்பக்கம் சுக்கானை நோக்கி ஒடுங்குகிறது. இந்த வளைவு பெட்டிக்குள் இல்லை. அதை நீங்கள்தான் வரவழைக்கவேண்டும். அளவாக வெட்டிய துணியை வாங்கி வந்தவரைப் பார்த்து சட்டை தைத்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லையே. கிட் உதவி செய்வதை நிறுத்தும் இடத்தில்தான் நீங்கள் இப்போது நிற்கிறீர்கள். பெருவாரியான பெட்டிகள் அந்த இடத்தில்தான் அலுமாரிக்கு மேலே போய்விடுகின்றன.

சரி, பலகைக்கு வருவோம். நீங்கள் கணித ஆசிரியர் என்பது இங்கே பெரிய வசதி.

பலகை தட்டையான பக்கமாக வளையும், சற்று முறுகவும் செய்யும். விளிம்புப் பக்கமாக வளைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஒரே அகலப் பலகையை அணியம் வரை கொண்டுபோனால் அதை விளிம்புப் பக்கமாகத்தான் வளைக்கப் பார்க்கிறோம். அதனால்தான் அது பக்கத்துப் பலகைமேல் ஏறுகிறது. பலத்தால் இதற்குத் தீர்வு கிடையாது, அகலத்தைக் குறைக்கவேண்டும். நடுச் சட்டத்தில் மேல்தளத்திலிருந்து ஏரா வரை ஒரு காகித நாடாவை வளைத்து ஒட்டி அளந்து பாருங்கள். 120 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகை 5 மில்லிமீட்டர் அகலமானால் 24 பலகைகள். அதே நாடாவை அணியத்துச் சட்டத்தில் வைத்தால் 72தான் வருகிறது. அந்த 24 பலகைகளும் இந்த 72க்குள் அடங்கவேண்டும், ஆகவே ஒவ்வொன்றும் அந்த இடத்தில் 3 மில்லிமீட்டர். ஒவ்வொரு சட்டத்திலும் இப்படி அளந்து குறித்துக்கொண்டு, பலகையை அந்தந்தப் புள்ளிகளுக்குச் சீவி எடுத்தால், மறுபேச்சில்லாமல் படியும்.

ஒரு எல்லை உண்டு. பலகையைப் பாதி அகலத்துக்குக் கீழே ஒடுக்கக்கூடாது. 5 மில்லிமீட்டர் பலகையின் நுனி 2 மில்லிமீட்டர் என்று கணக்கு வந்தால், அது ஆணி ஏற்காது, பசை பிடிக்காது, பார்க்கவும் முள்ளுப் போலிருக்கும். அந்த இடத்தில் இரண்டு பலகைகளுக்குப் பதிலாக ஒரே பலகையை வைத்து முடித்துவிடுவார்கள். பின்பக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே உடல் ஒடுங்கினாலும் நாடாவின் அளவு கூடி இடைவெளி விழும், அதை ஆப்பு வடிவத் துண்டு வைத்து நிரப்பவேண்டும். உண்மையான கப்பல் தச்சர்களும் இதையேதான் செய்தார்கள். ஆகவே ஏமாற்று வேலை என்று மனம் உறுத்த வேண்டாம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. குறிப்புப் புத்தகங்கள் அதை ஒரு வரியில் கடந்துபோய்விடும், எனக்கு அதில் தீராத கோபம். லேசர் வெட்டிய சட்டங்களின் விளிம்பு நேர்ச்சதுரமாக இருக்கும். அணியத்துக்குப் பக்கத்தில் பலகை சாய்வாக வருவதால் விளிம்பின் ஒரு மூலையில் மட்டுமே தொடும். அந்த மூலையைச் சாண்ட்பேப்பரால் சாய்த்துத் தேய்த்து, பலகை சட்டத்தின் முழுத் தடிப்பிலும் அமரும்படி செய்யவேண்டும். ஒட்டாத பலகை ஒன்றை எடுத்து எலும்புக்கூட்டின்மேல் வளைத்து வைத்து, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே சட்டம் தாழ்வு. எங்காவது பலகை துருத்தினால் அங்கே சட்டம் மேடு. தாழ்வுக்கு மெல்லிய சீவலை ஒட்டுங்கள், மேட்டைத் தேயுங்கள். சலிப்பான வேலைதான், நாட்கணக்கில் போகும். ஆனால் கப்பலின் வடிவம் தீர்மானமாவது இங்கேதான். பிறகு பலகையிலோ வர்ணத்திலோ திருத்தமுடியாது. உங்களுடைய ஒட்டிய பலகைகளைக் கழற்றி இதைச் செய்யச் சொல்வது கொடுமை என்று தெரியும். வெள்ளைப் பசை பாவித்திருந்தால் ஈரத்துணி சுற்றி வைத்துக் கழற்றலாம். சூப்பர் குளூவாக இருந்தால் தண்ணீர் உதவாது, அசிட்டோன் தடவி இளக்கவேண்டும், இல்லாவிட்டால் வெட்டி எடுக்கவேண்டும்.

அப்புறம், இடப்பக்கம் ஒரு பலகை ஒட்டினால் வலப்பக்கமும் ஒன்று. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஏராவே முறுகிவிடும். அணியத்துப் பலகைகளை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்துக் கிளிப் போட்டு, நன்றாகக் காய்ந்தபின் கழற்றி, அதன்பிறகுதான் பசை பூசவேண்டும். ஈரப் பலகையை ஒட்டினால் காயும்போது சுருங்கி இடைவெளி காட்டும்.

இடைவெளி என்றதும் நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியாது. எந்தக் குறிப்புப் புத்தகத்திலும் இது இருக்காது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் நீளவாட்டில் அல்ல, அகலவாட்டில் வீங்கும். மாரி மழைக் காலத்தில் இறுக்கமாகப் பொருத்திய பலகைகள், கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் சுருங்கி ஒன்றைவிட்டு ஒன்று விலகும். ஆகவே பலகைக் கட்டுகளைப் பிரித்து வேலைசெய்யும் அறையிலேயே கொஞ்சக் காலம் கிடக்கவிடுங்கள். உடல் முடிந்ததும் வெளிப்பக்கம் மட்டுமல்ல, மேல்தளம் மூடுவதற்கு முன் உள்பக்கமும் வார்னிஷ் பூசிவிடுங்கள். பாய்மரக் கயிறுகளுக்குப் பெட்டியில் பருத்தி நூல் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு பொலியெஸ்டர் நூலுக்கு மாறுங்கள். பருத்தி மழையில் இறுகி வெயிலில் தொய்ந்து, பாய்மரத்தை ஒரு பக்கம் இழுத்துவிடும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். முதல் கப்பலுக்கு கான்ஸ்டிடியூஷன் பொருத்தமில்லை. மூன்று பாய்மரம், 44 பீரங்கிக் கணக்கில் கட்டிய கப்பல். பெட்டியின் படத்தைப் பார்த்துப் பரிசு வாங்குகிறவர்கள் எல்லோரும் பெரியதாகவே வாங்குகிறார்கள். உங்கள் மருமகனின் அன்பில் குறையில்லை, தெரிவில்தான் குறை. அவரிடம் இதைக் காட்டவேண்டாம். இரண்டு வழி இருக்கிறது. ஒற்றைப் பாய்மரச் சிறுபடகுக் கிட் ஒன்றை எடுத்துப் பலகை வேலையை அதில் பழகிவிட்டு இதற்குத் திரும்பலாம். அல்லது இதையே உடலோடு நிறுத்தலாம், பாய்மரமே வேண்டாம். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டுக் கடற்படைச் சபைக்காகச் செய்த மாதிரிகளில் பல பாய்மரமில்லாமல் வெறும் உடலாகவே இருந்தன. இன்று அருங்காட்சியகங்கள் அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாக்கின்றன. எனக்குக் கயிறுகள் நிறைந்த மாதிரியைவிட அப்படியானதே பிடிக்கும். கயிறு கண்ணை மயக்கிவிடும், உடலில் எதையும் ஒளிக்கமுடியாது.

உங்கள் வீட்டு அம்மாவின் துறைமுகக் கேள்வி நியாயமானது. அதற்கு ஒரு கதைதான் என்னிடம் இருக்கிறது. கான்ஸ்டிடியூஷன் 1797இல் பொஸ்டனில் இறக்கப்பட்ட கப்பல், இன்றும் அங்கேயே மிதக்கிறது. 1812 டிசம்பரில் அது பிரேசில் கரைக்கு அப்பால் ஜாவா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைத் தோற்கடித்தது. ஜாவா பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே கட்டவிருந்த ஒரு கப்பலின் வரைபடங்கள் அதில் இருந்தன. அவை போய்விட்டதால் வேறு பிரதி அனுப்பவேண்டி வந்தது, வேலை தள்ளிப்போனது. கடைசியில் 1816இல் பம்பாயில் வாடியா என்ற பார்சித் தச்சர் குடும்பம் அந்தக் கப்பலைத் தேக்கில் கட்டத் தொடங்கி, 1817 ஒக்டோபர் 12இல் கடலில் இறக்கியது. அதன் பெயர் எச்.எம்.எஸ். திருகோணமலை. பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் 1782இல் நம் கடலில் சண்டையிட்டதன் நினைவாக வைத்த பெயர். இடையில் பல பத்தாண்டுகள் வேறு பெயரில் பயிற்சிக் கப்பலாக இருந்து, 1992இல் பழைய பெயரைத் திரும்பப் பெற்று, இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. பிரிட்டனில் இன்னும் மிதக்கும் போர்க்கப்பல்களில் மிகப் பழையது அதுதான். உங்கள் மேசைமேல் இருப்பது, நம் ஊர்ப் பெயருள்ள கப்பலைத் தாமதப்படுத்திய கப்பல்.

அம்மா இதைக் கேட்டுவிட்டு "அதுவும் வெள்ளைக்காரன் கப்பல்தானே" என்பார். சரிதான். அவரிடம் வல்வெட்டித்துறை அன்னபூரணியைச் சொல்லுங்கள். நம்மவர்கள் கட்டிய பாய்க்கப்பல். ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 1938இல் அது அத்திலாந்திக்கைத் தாண்டி மசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகம் சேர்ந்தது. கான்ஸ்டிடியூஷன் நிற்கும் பொஸ்டனும் அதே மாநிலம்தான். அன்னபூரணி எந்தக் கடையிலும் பெட்டியாகக் கிடைக்காது. நம் கரையின் வள்ளங்களும் தோணிகளும் அப்படித்தான், யாரும் லேசரால் வெட்டித் தரப்போவதில்லை. கிட்டில் பலகை வேலையைப் பழகியவர்தான் அவற்றைச் செய்யமுடியும். அமெரிக்கக் கப்பலைக் கட்டுவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இதுதான். காரணமே இல்லாமல் கட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கான்ஸ்டிடியூஷனின் உடல் முடிந்தபின் ஒரு நாள் கிண்ணியாப் பக்கம் போங்கள். பாலம் வந்தபிறகு பாதை என்ற கடவுப் படகுக்காகக் காத்திருக்கும் வேலை இல்லை. கரையில் எங்கும் பைபர் போட்தான் கண்ணில் படும், ஆனால் தேடினால் ஏற்றிவைத்த மரத்தோணி ஒன்று அகப்படும். சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு அளக்கத் தொடங்குங்கள். முனைக்கு முனை ஒரு நூலை இறுக்கிக் கட்டி, அதில் ஓரடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் அகலத்தையும் ஆழத்தையும் கொப்பியில் எழுதுங்கள். வயிற்றின் வளைவுக்கு ஈயக் கம்பியை அழுத்தி எடுத்து, முறுக்காமல் கடதாசிமேல் வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள். பாதித் தோணியை அளந்தால் போதும் என்று நினைக்கவேண்டாம். கையால் கட்டிய தோணியின் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. 24க்கு ஒன்று என்ற அளவில் வரைந்தால் 20 அடித் தோணி 10 அங்குலமாக வரும், மேசையில் இடமிருக்கும். வரைந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், சட்டங்களை எங்கே நிறுத்தலாம் என்று குறித்துத் தருகிறேன்.