கரீபியன் தீவு நாடான கிரெனடாவில் மருத்துவம் படிக்கும் கணவருடன் போய்த் தங்கினால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தனிமை. முதல் இரண்டு ஆண்டுகள் அவர் பெரும்பாலும் வகுப்பிலும் நூலகத்திலும்தான் இருப்பார். வேலை பார்க்க உங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். அதனால் உங்களுக்கென்று ஒரு வட்டத்தை முதல் மாதத்திலேயே தேடிக்கொள்ளுங்கள். அங்குள்ள செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் துணைகளுக்கென்றே ஓர் அமைப்பு உண்டு, தயங்காமல் சேருங்கள்.

சமையல்தான் பெரிய ஆறுதல். இறக்குமதிப் பொருள்கள் நிறைந்த சூப்பர் மார்க்கெட்டில் விலை அதிகம். சனிக்கிழமை காலையில் தலைநகரின் சந்தைக்குப் போனால் சேப்பங்கிழங்கு, சீமைப்பலா, வாழைக்காய், மஞ்சள், ஜாதிக்காய் எல்லாம் கிடைக்கும். கிரெனடாவின் தேசிய உணவான ஆயில் டவுன், சீமைப்பலாவையும் உப்பிட்ட இறைச்சியையும் மஞ்சள் சேர்த்த தேங்காய்ப்பாலில் வேகவைப்பது. நம் நாக்குக்கு அந்நியமாகவே இருக்காது. 1857இல் தொடங்கி இந்தியத் தொழிலாளர்கள் அங்கே போனதால் ரொட்டியும் கறியும் ஊர்ச் சாப்பாடாகிவிட்டன. மின்சாரம் 230 வோல்ட், எனவே மிக்சியைத் தாராளமாக எடுத்துப் போகலாம். பிளக் மட்டும் பிரிட்டிஷ் வகை.

பஸ் என்பது மினி வேன்தான். ஏறும்போதும் கடைக்குள் நுழையும்போதும் 'குட் மார்னிங்' சொல்லுங்கள். சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். அங்கே புழங்கும் பணம் கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு அதில் 2.70 கிடைக்கும். 1976 முதல் இதே மதிப்புதான்.

அப்புறம், ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2004இல் ஐவனும் 2024இல் பெரிலும் அந்த நாட்டைக் கடுமையாகத் தாக்கின. வீடு பார்க்கும்போதே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். மழை குறைந்த வறண்ட மாதங்களிலும் அது தேவைப்படும்.