பின்லாந்தின் ஊலாங்கா ஆறு ஏன் கிழக்கே ரஷ்யாவுக்குள் ஓடுகிறது?

நீரை இரு பக்கமாகப் பிரித்து அனுப்பும் மேட்டு நிலமான நீர்ப்பிரிமேடு எங்கே இருக்கிறது என்பதுதான் காரணம். பின்லாந்தின் பெரும்பாலான ஆறுகள் பால்டிக் கடலுக்குப் போகின்றன. ஊலாங்கா பிறக்கும் சல்லா பகுதியும் அது பாயும் குவூசமோ பகுதியும் அந்த மேட்டுக்குக் கிழக்கே இருக்கின்றன. அதனால் இந்த ஆறு எல்லை தாண்டி, ரஷ்யாவின் பானாயார்வி ஏரியில் விழுகிறது. அந்த நீர் கடைசியில் வெண்கடலைச் சேர்கிறது. பானாயார்வியும் இரண்டாம் உலகப்போர்க் காலம்வரை பின்லாந்திடம்தான் இருந்தது.

என்னைக் கேட்டால், திசையைவிட ஆற்றின் குணம் மாறுவதுதான் பெரிய அதிசயம். கியூதாகோங்காஸ் என்ற இடத்தில் செந்நிற டோலமைட் பாறைச் சுவர்களுக்கு நடுவே நீர் நுரைத்துப் பாய்கிறது. அதைத் தாண்டியதும் ஆறு அப்படியே சாந்தமாகிவிடும். பனியுகம் முடிந்தபோது, உருகிய நீர் அந்தப் பள்ளத்தாக்கில் கொண்டுவந்து கொட்டிய மணல்மீது அது வளைந்து வளைந்து போகிறது. ஒரு கரையை அரித்து, எதிர்க்கரையில் மணல்திட்டு போடுகிறது. வளைவு ரொம்ப நெருங்கிவிட்டால் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். கைவிடப்பட்ட துண்டு வளைந்த ஏரியாகத் தேங்கிவிடும்.

அப்புறம், டோலமைட் மண்ணுக்குச் சுண்ணாம்புச் சத்து தருவதால், வட ஊசியிலைக் காட்டில் அரிதான கலிப்சோ ஆர்க்கிட் இங்கே பூக்கிறது. 1956-ல் அமைந்த ஊலாங்கா தேசியப் பூங்காவின் சின்னமே அந்தப் பூதான். ரஷ்யப் பக்கத்து ஏரிகளில் வளரும் பழுப்பு டிரவுட் மீன்கள் முட்டையிட எல்லை கடந்து இந்த ஆற்றில் ஏறி வருகின்றன. ஆகவே மீன்களைக் காக்க இரு நாடுகளும் சேர்ந்து உழைத்தாக வேண்டும்.