அம்மாவுக்கு மறதிநோய், அண்ணனுக்கு அறிவுசார் குறைபாடு: சட்டப்படி கார்டியன் ஆவது எப்படி?

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் காட்பாடிக்காரர். அப்பா ரயில்வேயில் ஓய்வுபெற்று, பிறகு காலமாகிவிட்டார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அவருக்கு இப்போது மறதிநோயின் ஆரம்பக் கட்டம்; ஆளை அடையாளம் தெரிகிறது, கையெழுத்துப் போடுகிறார். நாற்பதைத் தாண்டிய அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே அறிவுசார் குறைபாடு. இருவருக்கும் சட்டப்படி கார்டியன், அதாவது பாதுகாவலர், ஆக முடியுமா? அமெரிக்காவில் இருப்பதுபோல் பயிற்சி பெற்ற கார்டியனைச் சம்பளத்துக்கு வைக்க முடியுமா? முடியாதென்றால் அந்தப் பயிற்சியை நானே எங்கே பெறுவது? இதுதான் கேள்வி.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பல வருடம் பென்ஷன் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். இப்போது என் மனைவியின் தம்பிக்குச் சட்டப்படியான பாதுகாவலராக இருக்கிறேன். வக்கீல் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரே வீட்டில் இருந்தாலும் அம்மாவுக்கு ஒரு வழி, அண்ணனுக்கு வேறு வழி. ஒரே மனுவில் இரண்டும் முடியாது.

அண்ணன் விஷயம் சுலபம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் பொருந்தும். பிள்ளைக்கு 18 வயது ஆனவுடன் பெற்றோர்கூட சட்டத்தின் பார்வையில் தானாகக் கார்டியன் இல்லை, நியமனம் வேண்டும். அதற்கு மாவட்டம்தோறும் உள்ளூர் நிலைக் குழு இருக்கிறது. ஆபீஸில் எல்.எல்.சி. என்றுதான் சொல்வார்கள். கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அதில் இருப்பார்கள். கோர்ட் படி ஏற வேண்டியதில்லை. உடன்பிறந்தவர் என்ற முறையில் நீங்களே மனு கொடுக்கலாம். காட்பாடி என்பதால் உங்களுக்குச் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்தான். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால் ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம்காரர்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். பழக்கதோஷத்தில் இன்னும் வேலூருக்கே வந்து திரும்பிப் போகிறவர்கள் உண்டு. மற்ற உடன்பிறப்புகளின் சம்மதக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அது இல்லாவிட்டால் விசாரணை இழுக்கும்.

அம்மா விஷயம்தான் சிக்கல். மறதிநோய் அந்த நான்கில் வராது. 1890ஆம் ஆண்டின் கார்டியன் சட்டம் மைனர்களுக்கானது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் சொத்துக்கு மேலாளர் நியமிக்க வழி இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கொண்டுவந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சிகிச்சை முடிவுகளுக்கு உதவ நியமனப் பிரதிநிதி உண்டு. சொத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் நினைவு முழுதும் போன பெரியவர்களின் பணத்தையோ வீட்டையோ தொட வேண்டுமென்றால், பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் போடுகிறார்கள்.

2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. கணவர் கோமாவில். சிகிச்சைக்கும் குடும்பச் செலவுக்கும் அவர் பெயரில் இருந்த சொத்தை விற்க மனைவி அனுமதி கேட்டார். தனி நீதிபதி, சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு மனைவியையே காப்பாளராக நியமித்து விற்க அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனை: விற்ற பணத்தில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும், வட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கேரள உயர் நீதிமன்றம் 2019இலேயே இதுபோன்ற வழக்குகளுக்கு நெறிமுறை வகுத்துவிட்டது. மருத்துவக் குழு அறிக்கை, வருவாய்த்துறை விசாரணை, சொத்துப் பட்டியல், வாரிசுகளின் சம்மதம் எல்லாம் அதில் கேட்கிறார்கள். காப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கும் காட்ட வேண்டும்.

இங்கே தெருவுக்கு நாலு பேர், "அம்மாகிட்ட பவர் எழுதி வாங்கிட்டா போதும்" என்பார்கள். போதாது. பவர் கொடுத்தவருக்குச் சித்த சுவாதீனம் போய்விட்டால் அந்தப் பவரும் முடிந்துவிடும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 201ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எப்போது உங்களுக்குத் தேவைப்படுமோ சரியாக அப்போது அது செல்லாது. நாமினியும் அப்படித்தான், அம்மா இருக்கும்வரை நாமினிக்கு ஒரு அதிகாரமும் இல்லை. இந்த இரண்டையும் நம்பிக் கவுண்டரில் வந்து நின்று சண்டை போட்டவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும், ஆனால் கிளார்க்கால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே, அம்மாவுக்குத் தெளிவு இருக்கும் இந்த நாட்களைத்தான் நீங்கள் பயன்படுத்த வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவு இருக்கிறது. வங்காளத்தில் இருந்தெல்லாம் வந்து லாட்ஜ் போட்டுத் தங்கிப் பார்க்கிறார்கள், உங்களுக்கு ஒரு டவுன் பஸ்தான். இப்போது அம்மாவின் நினைவும் புரிதலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். உயில் எழுத விரும்பினால் அதே கையோடு எழுதட்டும். எழுதும் நேரத்தில் தெளிவு இருந்தால் உயில் செல்லும். இரண்டு சாட்சிகளில் ஒருவர் டாக்டராக இருந்தால் பின்னால் யாரும் எளிதில் வாய் திறக்க முடியாது. சிகிச்சைக்கான நியமனப் பிரதிநிதியாக உங்கள் பெயரை வெள்ளைத்தாளில் எழுதி அம்மா கையெழுத்துப் போட்டாலே போதும். சேமிப்பில் ஒரு பகுதியை இருவரில் ஒருவர் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். வீட்டைத் தான செட்டில்மெண்டாக எழுதி வாங்கும் யோசனையை உறவினர் யாராவது கொண்டுவந்தால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்டால் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி ஆர்.டி.ஓ. தீர்ப்பாயத்தில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனைக்கு முகம் சுளிப்பவருக்கு எழுதித் தராமல் இருப்பதே நல்லது.

கை நடுங்கிக் கையெழுத்து வராத நிலை வேறு, புரிதல் போன நிலை வேறு. முதலாவதற்கு ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. கட்டைவிரல் ரேகை வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை. இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரி. இரண்டாவதற்கு அந்த விதியை இழுத்துப் பயன்படுத்தக் கூடாது. தூக்கத்தில் இருப்பவரின் விரலைப் பிடித்து மையில் அமுக்குவது எந்தச் சட்டத்திலும் சம்மதம் ஆகாது.

சரி, தொழில்முறைக் கார்டியன். ஃபுளோரிடா மாநிலத்தில் அப்படி ஒரு தொழிலே இருக்கிறது. 40 மணி நேரப் பயிற்சி, தேர்வு, பின்னணி விசாரணை, 50,000 டாலர் உத்தரவாதப் பத்திரம் எல்லாம் முடித்தவர்தான் அங்கே அந்த வேலையைச் செய்யலாம், நீதிமன்றத்துக்கு வருடாந்திரக் கணக்கும் கொடுக்க வேண்டும். நம் ஊரில் அப்படி ஒரு உரிமமும் இல்லை, ஆளும் இல்லை. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தைப் பாதுகாவலராக நியமிக்க அண்ணனுக்கான சட்டத்தில் இடமுண்டு. சொந்தத்தில் யாருமே இல்லாதபோது அது கைகொடுக்கும். வெளிநாட்டு ஏற்பாட்டைப் பார்த்து ரொம்ப ஏங்கவும் வேண்டாம். நெவாடாவில் அந்தத் தொழிலில் இருந்த ஒருவர் தன் பொறுப்பில் இருந்த முதியவர்களைச் சுரண்டியதற்காக 2019இல் சிறைத் தண்டனை பெற்றார். சான்றிதழ் எல்லாம் ஒரு பக்கம், அந்தக் கணக்கை யார் திறந்து பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பராமரிப்புப் பயிற்சிக்கு நம் பக்கத்தில் குறையில்லை. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இல் தொடங்கியதிலிருந்து வீட்டார் நோயாளியோடு தங்கிக் கூடவே கற்றுக்கொள்ளும் முறையை வளர்த்தது. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் சஹயோகி திட்டம் பராமரிப்பாளர்களைப் பயிற்றுவிப்பதற்கானது. குளிப்பாட்டுவது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது, கோபம் வந்தால் எப்படிப் பேசுவது என்றெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில் கற்கலாம். அடுத்தவர் பணத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. என்னைக் கேட்டால் வீட்டுச் சண்டைகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகிறது.

அண்ணனுக்கான சட்டமே அடிப்படையைச் சொல்லிவிடுகிறது. தேவைப்படும் இடத்தில், நியமனமான ஆறு மாதத்துக்குள் அவருடைய சொத்து, வரவேண்டியது, கடன் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள், அதாவது ஜூன் முடிவதற்குள், வரவு செலவுக் கணக்கு. பாதுகாவலர் பணத்தைக் கையாடினாலோ கவனிக்காமல் விட்டாலோ அவரை நீக்கவும் வழி இருக்கிறது. பலர் சான்றிதழை வாங்கி லேமினேஷன் போட்டு மாட்டுவதோடு சரி, யாரும் கேட்கவில்லை என்று கணக்கே கொடுப்பதில்லை. நீங்கள் கொடுங்கள். முத்திரை போட்ட நகல் ஒன்றை வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்துத் தங்கையோ சித்தப்பாவோ விரல் நீட்டும்போது உங்களைக் காப்பது அந்த நகல்தான்.

அம்மாவுக்குச் சட்டம் கேட்காவிட்டாலும் அதே ஒழுங்கைப் பின்பற்றுங்கள். என் மைத்துனன் கணக்கை எப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். ஒரு நீள நோட்டு. இடப்பக்கம் அவன் பென்ஷனும் வட்டியும், வலப்பக்கம் செலவு. எங்கள் வீட்டில் சாப்பிடுகிறான், கரண்ட் எரிக்கிறான். அதற்கு மாதம் இவ்வளவு என்று மனைவியின் உடன்பிறந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி எழுதிக் கையெழுத்துப் போட்ட தொகை மட்டும் எங்களுக்கு வருகிறது. மருந்துக் கடை பில்லில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துப் போய்விடும், அதனால் அன்றே செல்போனில் படம் எடுத்துவிடுவேன். அவன் பணத்தில் இருந்து எனக்குக் கைமாற்று கிடையாது, ஒரு நாளைக்குக்கூட. அவன் கணக்கின் பணம் என் கணக்குக்குள் வந்து போவதும் கிடையாது.

கடைசியாகச் சொன்னதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்த குடும்பம் ஒன்றில் பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மாவின் வைப்புத்தொகையை மூத்த மகன் தன் பெயருக்கு மாற்றினார். கெட்ட எண்ணமே இல்லை. அவர் தொழில் நொடித்துப் போனபோது கடன்காரர்கள் அந்தப் பணத்தின் மேலும் கை வைத்தார்கள். உங்கள் பெயரில் இருந்தால் அது உங்கள் பணம், உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் உங்கள் வாரிசுகளின் பணம். அம்மா அதில் எங்கும் இல்லை. அதேபோல் அம்மாவின் சொத்தை நீங்களே விலைக்கு வாங்குவது, உங்கள் மகனுக்கு வாடகைக்கு விடுவது எல்லாம், விலை நியாயமாகவே இருந்தாலும் வேண்டாம். அறக்கட்டளைப் பொறுப்பாளர் அந்தச் சொத்தில் சொந்த லாபம் பார்க்கக் கூடாது என்று 1882ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டம் சொல்வதை அப்படியே நமக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பணத்தைத் தவிர இன்னொன்றும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பாதுகாவலர் தனியாக முடிவெடுக்காமல் மாற்றுத்திறனாளியோடு சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்ற திசையில் போகிறது. எங்கள் பக்கம் பொங்கல் முடிந்தால் ஊர் ஊராக மாடு விடும் திருவிழா. மைத்துனனுக்குத் தட்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நிற்க ஆசை. என் மனைவி ஒரேயடியாக முடியாது என்றாள். "மாமா, நான் ஓட மாட்டேன், நிக்கத்தான் செய்வேன்" என்று அவன் என்னிடம் வாதாடினான். கடைசியில் தெருமுனை மாடி வீட்டுக்காரரிடம் சொல்லி மொட்டை மாடியில் இடம் பிடித்தோம். கூட்டத்தில் நிற்பதைவிட மாடியில் இருந்து நன்றாகத் தெரிகிறது என்று அவனே ஒப்புக்கொண்டான், கீழே போய்க் கரும்பு ஜூஸ் குடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அண்ணனுக்கும் இப்படி எத்தனையோ ஆசைகள் இருக்கும். முடியாது என்று சொல்வது ரொம்பச் சுலபம், அதனால்தான் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

உங்களுக்குப் பிறகு அண்ணனை யார் பார்ப்பது என்பதையும் இப்போதே பேசுங்கள். எல்.எல்.சி. சான்றிதழ் உங்கள் ஆயுளோடு முடியும், அடுத்தவர் புதிதாக மனு கொடுக்க வேண்டும். அம்மா வீட்டை அண்ணனுக்கு என்று நினைத்தால் நேரடியாக அவர் பெயரில் விடுவதைவிட, இரண்டு பொறுப்பாளர்களாவது உள்ள பதிவு செய்த தனியார் அறக்கட்டளையாக உயிலில் ஏற்பாடு செய்வது நல்லது. அதற்கு வக்கீல் கட்டணம் ஆகும், கொடுத்துவிடுங்கள்.

எதை முதலில் செய்வது என்று கேட்டால், அண்ணன் பெயரை ஓய்வூதிய ஆணையில் ஏற்றுவதை. சம்பாதிக்க முடியாத நிலையில் உள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அம்மாவுக்குப் பிறகு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அம்மா இருக்கும்போதே அவர் கையெழுத்தில் மனு கொடுத்துப் பெயரைச் சேர்த்துவிடலாம். அவர் காலத்துக்குப் பிறகு என்றால் எல்லாவற்றையும் முதலில் இருந்து நிரூபிக்க வேண்டியிருக்கும். ஊனச் சான்று, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.), ஓய்வூதிய ஆணையின் நகல் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, அம்மா தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் அந்த மனுவை எழுதுங்கள்.